குதிமூலையில் விழுந்த விரிசல்: வீட்டில் வெட்டிய ஒரு சமையல் கத்தி ஏன் உடைந்தது?

உடைந்த கத்தியின் மொத்த நீளம் 310 மி.மீ. அதில் அலகு 190, மீதி 120 பிடிக்குள் போகும் வால். தடிமன் 2.5 மி.மீ. மர அறுவை மில்லில் தேய்ந்துபோய்க் கழித்துப் போட்ட வட்ட ரம்பத் தட்டிலிருந்து, நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டரால் வெட்டி எடுத்தது. பழுக்கக் காய்ச்சிக் கடலை எண்ணெயில் தோய்ச்சல் போட்டு (சட்டென்று முக்கி இறுக வைத்து), பிறகு ஓ.டி.ஜி. என்ற மின்சார அடுப்பில் 200 டிகிரி செல்சியஸில் வைத்து டெம்பர் செய்திருந்தது (இறுகிய இரும்பு நொறுங்காமல் இருக்க மிதமாகச் சூடாக்குவது). எமரித்தாள் போட்டுத் தேய்க்கும்போதுதான், குதியும் (அலகின் பிடிப்பக்கத்து அடிமுனை) வாலும் சந்திக்கும் உள்மூலையிலிருந்து முதுகை (கூர் இல்லாத மேல்விளிம்பு) நோக்கி ஏறும் மயிரிழைக் கோடு ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. சந்தேகப்பட்டு வைஸில் (பட்டறை இடுக்கி) பிடித்து லேசாக வளைத்ததும் வால் தனியாக வந்துவிட்டது.

செய்தவன் என் சித்தி மகன். கோயம்புத்தூரில் சின்னதாக மெஸ் நடத்துகிறான். காய் நறுக்க, கனமில்லாமல் கூர் நிற்கிற கத்தி வேண்டும் என்று தானே இறங்கிச் செய்தான். இரண்டு துண்டையும் பேப்பரில் சுற்றிக் கொடுத்தபோது, "தோய்ச்சல்லதான் தப்பு நடந்திருக்கும்ண்ணா. எண்ணெய் சூடு பத்தலையோ என்னவோ" என்றான். கத்தி உடைந்தால் எல்லோரும் முதலில் கை காட்டுவது தோய்ச்சலைத்தான். துண்டுகளைப் பார்த்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தக் கத்தி உலைக்குப் போவதற்கு முன்பே, தகட்டை வெட்டும்போதே கெட்டுவிட்டது. அதற்கு என்ன ஆதாரம், அதே தட்டிலிருந்து அடுத்த துண்டை எந்த வரிசையில் வெட்டினோம் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். கத்தி செய்கிறவர்கள் கூடினால் எண்ணெயைப் பற்றியும் நெருப்பின் நிறத்தைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிறோம். தகட்டை வெட்டுவதை யாரும் ஒரு வேலையாகவே மதிப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

உடைந்த முகத்தில் இருந்த மூன்று நிறம்

இரும்பு உடைந்தால் அந்த முகத்தைக் கழுவவோ துடைக்கவோ கூடாது. அப்படியே வெயிலில் சாய்த்துப் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். வாலின் அகலம் 22 மி.மீ. உடைந்த முகத்தில், கீழிருந்து மேலாக, மூன்று பகுதிகள் தெளிவாகப் பிரிந்து தெரிந்தன.

அடியில், மூலையை ஒட்டி, சரிவான ஒரு வெட்டு. தகட்டின் ஒரு பக்கத்தில் அது 3 மி.மீ. ஏறியிருந்தது, மறுபக்கத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. மேலே கருப்பு ஆக்சைடு படிந்திருந்தாலும், அதற்கு அடியில் வளைவு வளைவான கீறல்கள் தெரிந்தன. கட்டிங் வீல் போன தடம் அது. அதற்கு மேல் சுமார் 8 மி.மீ. உயரத்துக்குப் பழுப்பு ஏறிய ஒரு பட்டை. அதற்கும் மேலே முதுகு வரை சுத்தமான சாம்பல் நிறம்.

ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு காலம் உண்டு. கருப்பு ஆக்சைடு என்றால், இரும்பு சிவப்பாகப் பழுத்தபோது அந்த முகம் ஏற்கெனவே திறந்திருந்தது என்று பொருள். பழுப்பு என்றால், தோய்ச்சலின்போது திறந்துகொண்டு, எண்ணெய் உள்ளே கசிந்து, டெம்பர் சூட்டில் நிறம் ஏறியது. சாம்பல் நிறம் கடைசியாக, வைஸில் வளைத்தபோது உடைந்தது. ஆக, விரிசல் ஓடியது எண்ணெயில்தான். தம்பி சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் அது தொடங்கிய இடம், வீல் விட்டுப்போன அந்த 3 மி.மீ. வெட்டின் அடிமுனை.

மற்ற சந்தேகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இரும்பை அளவுக்கு மீறிக் காய்ச்சியிருந்தால் உடைந்த முகத்தில் இரும்பின் மணிகள் (உள்ளே உள்ள சிறு படிகங்கள்) பருத்து, கற்கண்டை உடைத்தது போல மின்னும். இங்கே மணி தெரியாத அளவுக்கு மென்மையாக, மங்கலாக இருந்தது. சூடு சரியாகவே இருந்திருக்கிறது. எண்ணெய் குளிர்ந்திருந்ததா என்ற கேள்வி: கடலை எண்ணெய் குளிர்ந்திருந்தால் கெட்டியாக இருக்கும், சூட்டை மெதுவாக இழுக்கும். அதனால் கத்தி முழுமையாக இறுகாமல் போகலாமே தவிர, விரிசல் விழுவதற்கு அது காரணமாகாது. தண்ணீரில் விட்டிருந்தால் சந்தேகம் வேறு பக்கம் போயிருக்கும். தோய்ச்சலுக்கு அவன் தண்ணீர் பக்கமே போகவில்லை. அடுத்தது ரம்பத்திலேயே இருந்திருக்கக்கூடிய பழைய விரிசல். பழைய ரம்பத் தட்டுகளில் பல்லுக்கு நடுவே உள்ள பள்ளத்தில்தான் விரிசல் பிறக்கும். அப்படி ஒன்று இருந்திருந்தால் கருப்பு ஆக்சைடு ஆழமாக உள்ளே போயிருக்கும். மிச்சத் தட்டோடு கத்தியைப் பொருத்திப் பார்த்தோம். வால் இருந்த இடம் பல்லை விட்டு நன்றாகத் தள்ளி இருந்தது.

வட்ட வீலால் உள்மூலை வெட்ட முடியாது

குதியின் பின்விளிம்பும் வாலின் அடிவிளிம்பும் செங்கோணத்தில் சந்திக்கிற இடம்தான் சிக்கல். இரண்டு பக்கத்திலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்து மூலையில் நிறுத்த வேண்டும். கிரைண்டர் வீல் வட்டம். தகட்டின் மேல்முகத்தில் அது வெட்டும் நீளம் எப்போதும் கீழ்முகத்தைவிட அதிகம். கணக்குப் போட்டால் எவ்வளவு என்று தெரிந்துவிடும். 100 மி.மீ. வீல், 2.5 மி.மீ. தகடு. வீல் கீழ்முகத்தை மட்டும் தொட்டு நிற்கும் நிலையில், மேல்முகத்து வெட்டு இரு பக்கமும் ஏறக்குறைய 15.6 மி.மீ. கூடுதலாக ஓடியிருக்கும். வீலைத் தகட்டுக்குக் கீழே இன்னும் 10 மி.மீ. இறக்கினாலும் 3 மி.மீ. கூடுதல் இருக்கும். கீழ்முகத்தில் மூலை வரை வெட்டி முடித்துத் துண்டு கழன்று விழவேண்டுமென்றால், மேல்முகத்தில் 3 மி.மீ. மூலையைத் தாண்டித்தான் ஆகவேண்டும். உடைந்த முகத்தில் ஒரு பக்கம் 3, மறுபக்கம் ஒன்றுமில்லை என்று இருந்தது இதனால்தான். கை நடுங்கியதால் வந்த பிழை அல்ல. அந்தக் கருவியால் அந்த மூலையை வேறு விதமாக வெட்டவே முடியாது.

சரி, தாண்டிப்போன வெட்டை அரம் போட்டு உருட்டியிருக்கலாமே என்று கேட்டேன். "அரம் போட்டேண்ணா, அந்த இடத்துல வழுக்கிட்டே போச்சு. அப்புறம் விட்டுட்டேன்" என்றான். கதையின் மறுபாதி இந்தப் பதிலில் இருக்கிறது. வீல் உரசும் விளிம்பு ஒரு நொடியில் 750 டிகிரியைத் தாண்டிவிடும். வீல் நகர்ந்ததும், பக்கத்தில் இருக்கும் குளிர்ந்த தகடு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். வெட்டும்போது அவன் போதாக்குறைக்கு அடிக்கடி தண்ணீரிலும் முக்கியிருக்கிறான். அந்த விளிம்பில் கண்ணாடி மாதிரி இறுகிய ஒரு தோல் உருவாகிவிடுகிறது. அதற்கு மேல் அரம் ஏறாது, டிரில் ஏறாது. நல்ல அரத்தின் பல் ஒரே இழுப்பில் மழுங்கிப்போகும். அதனால் மூலை உருட்டப்படாமலே உலைக்குப் போனது. எண்ணெயில் இறங்கும்போது மெல்லிய அலகு ஒரு வேகத்தில் சுருங்கும், கனமான இடம் வேறு வேகத்தில் சுருங்கும். அந்த இழுபறி எல்லாம் கூர்மையான வெட்டின் அடிமுனையில் போய்க் குவிகிறது.

பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணா ஒருவர் துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "மூலையே வைக்காதீங்க தம்பி. மூலை வெச்சா அங்கதான் போகும்" என்றார். ஷாஃப்ட்டில் படி இறக்கும் இடத்தில் எப்போதும் ஒரு சின்ன வளைவு விடுகிற கை அவருடையது. கத்திக்கும் அதே விதிதான்.

அடுத்த துண்டு

அதே தட்டில் மிச்சம் நிறைய இருந்தது. 18 அங்குலத் தட்டு, கார்பைடு முனை ஒட்டாமல் உடம்போடு சேர்ந்த பல் வெட்டிய பழைய வகை. இந்த வகைத் தட்டுகளில் பெரும்பாலும் கத்திக்குப் போதுமான கார்பன் இருக்கும். ஆனாலும் நம்பி இறங்கக் கூடாது. பெஞ்ச் கிரைண்டரில் உரசினால் பொறி அடர்த்தியாகக் கிளை கிளையாக வெடிக்க வேண்டும்; சாதா இரும்பில் பொறி நீளமாக, கிளை அதிகம் இல்லாமல் போகும். ஒரு சின்னத் துண்டைக் காய்ச்சி எண்ணெயில் விட்டு, அரம் வழுக்குகிறதா என்றும் பார்த்துக்கொண்டோம். வழுக்கியது.

"இது ஏற்கெனவே டெம்பர் ஏறின தட்டுதானே, அப்படியே கத்தியாக்கிடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. ரம்பத்தின் உடம்பு உடையாமல் வளைந்து கொடுக்க வேண்டும் என்பதால் அதை ராக்வெல் சி என்ற கடினத்தன்மை அளவில் 40 முதல் 46க்குள் நிறுத்தியிருப்பார்கள். காய் நறுக்கும் கத்திக்கு 58, 60 வேண்டும். எப்படியும் மறுபடி தோய்ச்சல் போட்டாக வேண்டும் என்னும்போது, நடுவில் மென்மையாக்கி வேலை செய்வதில் நஷ்டம் எதுவும் இல்லை.

முதலில் விரிசல் தேடினோம். இதற்குக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. எமரி போட்டுச் சுத்தம் செய்த தட்டில் மண்ணெண்ணெய் தடவி, சற்று ஊறவிட்டு, துணியால் அழுந்தத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவ வேண்டும். விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் மெல்ல வெளியே ஏறி, வெள்ளைத் தூளில் ஈரக்கோடாகத் தெரியும். எங்கள் தட்டில் இரண்டு பற்பள்ளங்களில் அந்தக் கோடு வந்தது. விளிம்பிலிருந்து 25 மி.மீ. வரை உள்ள வளையம் முழுவதையும் சுண்ணாம்புக்கட்டியால் அடித்து ஒதுக்கிவிட்டோம். மண்ணெண்ணெய் முழுக்கக் காய்ந்து, துணியும் டப்பாவும் வேறு அறைக்குப் போன பிறகுதான் கிரைண்டரைத் தொட்டோம். பொறி பறக்கிற இடத்தில் இதைக் கவனக்குறைவாக விடக்கூடாது.

கிரைண்டருக்குக் கொடுத்த வேலை நேர்க்கோடு மட்டும். கத்தி வடிவத்தையே அதில் வெட்டவில்லை. 330க்கு 60 மி.மீ. அளவில் ஒரு செவ்வகம், நான்கு வெட்டு, எல்லா வெட்டும் வெளியே தாண்டிப் போகலாம். உள்மூலை என்று எதுவும் இல்லை. சுற்றிலும் குறைந்தது 5 மி.மீ. கூடுதலாக விட்டதால், வீல் சூட்டில் கெட்ட விளிம்பு பிறகு அறுபட்டுப் போய்விடும்.

ரம்பத் தட்டை வெட்டும்போது இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும். ஓட்டத்தில் விளிம்பு சூடேறித் தளர்ந்து ஆடாமல் இருக்க, தட்டைச் சுத்தியலால் தட்டியோ ரோலரில் உருட்டியோ விளிம்பில் ஓர் இழுவிசையை ஏற்றி வைத்திருப்பார்கள். வெட்டத் தொடங்கும்போது வாய் விரியும். உள்ளே போகப் போக மூடிக்கொண்டு வீலை இறுக்கும். 11,000 சுற்று வேகத்தில் ஓடும் 1 மி.மீ. வீல் இறுகினால், மிஷின் கையை உதறிக்கொண்டு பின்னால் பாயும், அல்லது வீல் சிதறும். வெட்டின் இரண்டு பக்கத்தையும் மேசையோடு சேர்த்துக் கிளாம்ப் போட்டோம். வெட்டிய வாயில் மெல்லிய தகரச் சில்லைச் செருகிக்கொண்டே முன்னேறினோம். வீலை மூடியிருக்கும் கார்டைக் கழற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. வீலின் நடுவளையத்தில் காலாவதி மாதம் அச்சடித்திருக்கும். அதைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். முகம் முழுக்க மூடும் ஷீல்டு, காலில் ஷூ. தம்பி முன்பு லுங்கியோடும் தோளில் துண்டோடும் வெட்டியிருக்கிறான். சுழல்கிற வீலுக்கு ஒரு நூல் கிடைத்தால் போதும். இந்த முறை பேன்ட் போட்டு வரச் சொன்னேன்.

செவ்வகத்தை மென்மையாக்கியதுதான் இந்த வேலையிலேயே பொறுமை கேட்ட கட்டம். கொட்டாங்குச்சிக் கரி போட்ட உலையில், காந்தம் ஒட்டாத நிலைக்குச் சற்று மேலே காய்ச்சினோம். காந்தம் விடுவது 770 டிகிரியில். 2.5 மி.மீ. தகட்டைத் தனியாகச் சாம்பலில் புதைத்தால் சீக்கிரம் ஆறிவிடும். மென்மை முழுதாக வராது. அதனால் 10 மி.மீ. கனமுள்ள இரண்டு சாதா இரும்புப் பட்டைகளையும் கூடவே பழுக்க வைத்து, அவற்றுக்கு நடுவே தகட்டை வைத்து, காய்ந்த சாம்பல் நிரப்பிய டின்னில் ராத்திரி முழுக்கப் புதைத்து வைத்தோம். காலையில் எடுத்து அரம் வைத்தபோது, விளிம்பு உட்பட எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கடித்தது. நிக்கல் கலந்த சில ரம்ப இரும்புகள் இதற்கும் மசியாது. அவற்றைக் காந்தம் விடுவதற்குச் சற்று முன்னே, மங்கிய சிவப்பில், சில தடவை காய்ச்சி ஆறவிட்டால் இளகும்.

கோடு போட ஸ்கெட்ச் பேனா வேண்டாம், தேய்ந்துவிடும். மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல்தான் இன்றும் நல்லது. எண்ணெய்ப் பசை இல்லாமல் எமரியிட்ட தகட்டில் தடவினால் கண்ணெதிரே செம்பு நிறம் படரும். அதன்மேல் ஸ்கிரைபரால் கீறினால் வெள்ளிக் கோடு. ஹாக்ஸா (இரும்பு அறுக்கும் கைரம்பம்) ஆட்டத்திலும் கை வியர்வையிலும் அது அழியாது.

அப்புறம்தான் மூலை. குதிக்கோட்டிலிருந்து 4, வாலின் அடிக்கோட்டிலிருந்து 4 மி.மீ. தள்ளி, கழிவுப் பக்கத்தில் சென்டர் பஞ்ச் அடித்து 7.5 மி.மீ. துளை போட்டோம். இரண்டு கோட்டையும் தொடாமல் கால் மி.மீ. உள்ளே நிற்கும் துளை. மிச்சத்தை உருண்டையான எலிவால் அரம் எடுத்துக்கொள்ளும். இங்கே டிரில் வேகம் முக்கியம். கார்பன் கூடிய இரும்புக்கு இந்த அளவு துளையென்றால் நிமிடத்துக்கு 600, 650 சுற்றுப் போதும். கைடிரில்லை முழு விசையில் அழுத்தினால் முனை நீலமாகிப் போகும், துளையின் சுவரும் இறுகிவிடும். தகட்டுக்கு அடியில் மரக்கட்டை வைத்து இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் போட வேண்டும். முனை மறுபக்கம் வெளிவரும் நொடியில் மெல்லிய தகட்டைக் கவ்விச் சுழற்றும். கையால் பிடித்திருந்தால் விரல் போய்விடும்.

துளை விழுந்துவிட்டால் மீதி ஹாக்ஸா வேலைதான். வாலின் பின்முனையிலிருந்து ஒரு வெட்டு, அடிவிளிம்பிலிருந்து குதிக்கோட்டோடு இன்னொரு வெட்டு. இரண்டும் துளைக்குள் போய் விழும். தாண்டிப் போக இடமே இல்லை. முதல் வெட்டு 120 மி.மீ. நீளம் என்பதால் ஃபிரேம் இடிக்கும். பிளேடை 90 டிகிரி திருப்பி மாட்டிக்கொள்ள வேண்டும். 2.5 மி.மீ. தகட்டுக்கு அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேடு. அதில் பல்லுக்குப் பல் 0.8 மி.மீ., எந்த நேரமும் மூன்று பல் இரும்பின் மேல் இருக்கும். கடைக்காரர் பழக்கத்தில் எடுத்துக் கொடுக்கும் 18 பல் பிளேடு இங்கே ஒன்றிரண்டு பல்லில் தொங்கிக்கொண்டு, தட்டுத் தட்டென்று அடித்துப் பல் உதிரும். வெட்டுக்கோட்டை வைஸ் தாடைக்கு நெருக்கமாக வைத்தால் கிறீச்சிடாது.

நுனியை நோக்கி வளையும் வயிற்றுப் பகுதிக்கு, 6 மி.மீ.க்கு ஒன்றாக, கோட்டுக்கு 1 மி.மீ. முன்னால் நிற்கும்படி குறுக்கு வெட்டுகள் போட்டு, நடுவில் நிற்கும் பற்களை அடிவாரத்தில் சாய்வாக அறுத்து எடுத்தோம். பிறகு பாஸ்டர்டு என்ற சற்று முரட்டுப் பல் அரம், கடைசியில் அரத்தைக் குறுக்கே பிடித்து நீளவாக்கில் இழுத்து அராவியது. அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் இரும்புத்தூள் பல்லில் சிக்கிக் கோடு போடாது. வாலில் பிடி ஆணிகளுக்கான துளைகளையும் இந்த நிலையிலேயே போட்டு, ஓரங்களை உருட்டிவிட்டோம். வெட்டும் வாய்ப்பக்கத்தைச் சரிவு இறக்கும்போது 0.7 மி.மீ. கனம் மிச்சம் வைத்து நிறுத்தினோம். அதைவிட மெலிந்தால் எண்ணெயில் அலை அலையாக நெளியும்.

சோதித்துப் பார்த்தது

என் கட்சியை நானே நம்பிவிடக் கூடாது என்று, அதே தட்டிலிருந்து 20 மி.மீ. அகலத்தில் இரண்டு பட்டைகளை எடுத்தோம். ஒன்றில் கட்டிங் வீலால் 3 மி.மீ. ஆழத்துக்கு ஒரு வெட்டு. மற்றதில் அதே ஆழத்துக்கு அரத்தால் உருட்டிய பள்ளம். இரண்டையும் ஒரே உலையில் காய்ச்சி, ஒரே எண்ணெயில் விட்டு, ஒன்றாக டெம்பர் செய்தோம். வீல் வெட்டின் அடியில் சாக்பீஸ் தூள் மெல்லிய ஈரக்கோடு காட்டியது. வைஸில் வளைத்தபோது அது வளையாமலே உடைந்தது. உடைந்த முகத்தில் அதே பழுப்புப் பட்டை. உருட்டிய பள்ளத்தில் கோடு இல்லை. அது கண்ணுக்குத் தெரிய வளைந்து, நல்ல பலம் கேட்டு, பிறகுதான் உடைந்தது. முகம் முழுக்கச் சாம்பல் நிறம். ஒரு ஜோடியை வைத்து எல்லா இரும்புக்கும் தீர்ப்பு எழுத முடியாது. கூர்மையான வெட்டு இருந்தும் எண்ணெயில் தப்பித்து வந்த கத்திகளும் உண்டு. ஆனால் இந்தத் தட்டில், இந்த எண்ணெயில் நடந்தது என்ன என்பதற்கு எனக்கு இது போதும்.

புதிய கத்தியைக் காந்தம் விடும் சூட்டுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சற்றுக் குறைத்துக் காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டு, அதன் பிறகே தோய்ச்சல் போட்டோம். எண்ணெய் 55 டிகிரி. டெம்பர் 200 டிகிரியில் இரண்டு தடவை, தடவைக்கு 2 மணி நேரம். தோய்ச்சலுக்குப் பிறகும் பாலிஷுக்குப் பிறகும் மூலையில் மண்ணெண்ணெய் வைத்துப் பார்த்தாயிற்று, கோடு வரவில்லை. கத்தி இப்போது மெஸ்ஸில் வெங்காயமும் முட்டைக்கோஸும் நறுக்கிக்கொண்டிருக்கிறது.

தட்டில் இன்னும் இரண்டு சின்னக் கத்திகளுக்கு இடம் இருக்கிறது. பழம் நறுக்கும் அளவு போதும் என்கிறான் தம்பி. அவற்றுக்கு வாலின் அகலம் 15 மி.மீ. தான் என்பதால் மூலைத்துளை 6 மி.மீ. என்று குறித்திருக்கிறோம். சுண்ணாம்புக்கோடு போட்ட பல்வளையத்தைத் தனியாக வெட்டி, "கத்திக்கு ஆகாது" என்று பெயின்டில் எழுதிச் சுவரில் மாட்டியாயிற்று; இனிமேல் எண்ணெயும் சூடும் சோதிக்கிற பட்டைகள் அதிலிருந்துதான் வரும்.